ஐம்பத்தேழு மட்டும் காலி

அம்மா புளித்தண்ணிக்குள்ள கைய விட்டு என் காசையெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து, முந்தானையில துடைச்சு, பலகை மேல வரிசையா வைக்கிறாங்க, பளபளன்னு இருக்கு, ராஜா தலை இருக்கு, சிங்கம் இருக்கு, ஓட்டைக் காசுல ஓட்டை கூட ஒழுங்கா நடுவுல இருக்கு, ஆனா ஒண்ணுலயும் வருஷம் இல்ல.

இருபது காசு. இருபதுலயும் இல்ல. தேஞ்சு போன மாதிரியும் இல்ல, சொரண்டுன மாதிரியும் இல்ல, வருஷம் இருந்த எடம் மட்டும் கொழந்தை கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு.

"கருப்படிச்சுக் கெடந்துச்சுடி பிலோ, பித்தளை மெழுகுவத்தித் தண்டெல்லாம் ஊறப் போட்டேனா, அதோட சேத்துப் போட்டுட்டேன்"னு அம்மா சொல்றாங்க, நான் சந்தோஷப்படுவேன்னு என் மூஞ்சியவே பாக்குறாங்க.

காசு சேக்குறவங்களுக்கு நான் விளக்க வேணாம், நெஞ்சைப் பிடிச்சிருப்பீங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன், பழைய காசைக் கழுவவே கூடாது, அந்தக் கருப்புதான் அதுக்கு ஒசத்தி, புளி போட்டுத் தேச்சீங்கன்னா அப்புறம் அது வெறும் உலோகம். நான் சேத்தது 1941-லேர்ந்து 1961 வரைக்கும், வருஷத்துக்கு ஒரே ஒரு காசு, ஒரு நாட்டுலேர்ந்து ஒண்ணு எடுத்தா மறுபடி அந்த நாட்டுப் பக்கம் போகக் கூடாது, இது நானே போட்டுக்கிட்ட சட்டம். அப்பா கப்பல்ல வேலை பாக்குறாரு, போற துறைமுகத்துல பழைய சாமான் கடை இருந்தா தேடி வாங்கிட்டு வருவாரு. எங்க ஊரு காரைக்கால்ல பாதி வீட்டுப் பெட்டியில சைகோன் காசு கெடக்கும், அத நான் கேட்டு வாங்குவேன். ஆல்பத்துல இருபத்தியோரு குழி, இருபது நிறைஞ்சாச்சு, 1957 மட்டும் காலி. அந்த வருஷ நயா பைசா நம்மூர்ல தெருவுக்குத் தெரு கெடைக்கும்னு எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா இந்தியாவுக்கு நான் 1944 ஓட்டைக் காசை வச்சுட்டேனே, சட்டம்னா சட்டம்தான்.

அம்மா அந்தப் புளித்தண்ணிய வீணாக்குவானேன்னு வாசப்படியில ஊத்தி வெளக்குமாத்தால தள்ளி விட்டாங்க, அது படியிலேர்ந்து எறங்கி தெரு நடுவுல போயி ஒரு பாய் அகலத்துக்குப் பரவி நின்னுச்சு. மொதல்ல அத மிதிச்சது எங்க அக்கா ஜெசிந்தா, செருப்பு வார் அறுந்து போச்சுன்னு செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு லேபுக்கு வேலைக்குப் போயிட்டிருந்துச்சு. அப்புறம் பூக்காரம்மா சிகப்பி, அப்புறம் பால்காரரு, அப்புறம் செருப்புக் கடை ஹபீப் மரைக்காயரு, அவரு செருப்புக் கடைக்காரரா இருந்தும் பக்கத்து வீடு வரைக்கும்தானேன்னு வெறுங்காலோட வந்தாரு. இப்படியே இருபது பேரு. வெயில் ஏறி தெரு காஞ்சதுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

அன்னைக்கு சாயங்காலமே சிகப்பியம்மா குதிகால்ல 1943-னு எழும்பி நின்னுச்சு, எண்ணைச் சுத்தி சின்னதா ஒரு சதுரக் கட்டம், ஏன்னா என் 1943 மலேயாவோட சதுரக் காசு. வலி இல்ல, ரத்தம் இல்ல, காசுல எப்படி அச்சடிச்சு எழும்பியிருக்குமோ அப்படியே தோல்ல எழும்பியிருந்துச்சு, அந்தம்மா அதப் பாத்துட்டு, பித்தவெடிப்பு இப்பல்லாம் எண்ணா வருது போலன்னு சொல்லிட்டு மிச்சப் பூவைக் கட்டப் போயிட்டாங்க. மரைக்காயருக்கு 1950, பக்கத்துலயே கடுகளவு சிங்கம், அது ஈஸ்ட் ஆப்பிரிக்கா ஷில்லிங். ரெண்டே வாரத்துல நான் ஒவ்வொருத்தர் காலா பாத்து, நோட்டுல டிக் அடிச்சு, இருபதையும் கண்டுபிடிச்சுட்டேன். இருபது காசு, இருபது குதிகாலு, கணக்கு சரி. இந்த நோட்டை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வேணும்.

ஊரு பயந்துச்சான்னு கேட்டா, இல்ல. சந்தேகப்பட்டுச்சு. எங்க ஊருக்கு அதுதான் சுலபமா வரும். பிரெஞ்சு சிட்டிசன் குடும்பத்துல யாரு பொண்ணு எடுத்தாலும், குடுத்தாலும், இது கல்யாணமா பாஸ்போர்ட்டான்னு கேட்டுப் பழகுன ஊரு இது.

ரிட்டயர்டு சரித்திர வாத்தியாரு சூசைநாதன் மொதல்ல இது பொறந்த வருஷம்னாரு. முப்பது வயசு பால்காரருக்கு எப்படி 1954 பொறந்த வருஷமாகும்னு கேட்டதும், ஒரு நாள் யோசிச்சுட்டு வந்து, இது அந்தந்தக் குடும்பத்துல நடந்த தப்போட வருஷம்னு சொல்லிட்டாரு. ஊருக்கு அது சட்டுன்னு பிடிச்சுப் போச்சு. 1954-ல தான் எங்க ஊரு வெள்ளக்காரன் கையிலேர்ந்து மாறுச்சு, உங்க தாத்தா அப்ப எந்தக் கொடிய பிடிச்சாருன்னு பால்காரரைக் கேட்டாங்க, அவரு பாலுல தண்ணி ஊத்துறதைத் தவிர எங்க குடும்பத்துல வேற தப்பு நடக்கலன்னு சொல்லியும் விடல. இதச் சொன்ன மறு வாரமே வாத்தியாரு கால்லயே 1945 இருக்குறத சிகப்பியம்மா பாத்துட்டாங்க, அது இந்தோசீனா அலுமினியக் காசு, உடனே அவரோட அப்பா சைகோன்ல ஒரு குடும்பத்தை விட்டுட்டு கப்பல் ஏறுன கதை எழுபது எண்பது வருஷம் கழிச்சு தெருவுக்கு வந்துச்சு. வாத்தியாரு மறுநாளே வந்து என் தியரியில ஒரு திருத்தம் இருக்குன்னாரு, யாரும் கேக்கல.

நான் வேலை பாக்குற ப்ரௌசிங் சென்டருக்கு அந்த ஒரு மாசம் வந்த கூட்டத்தை நீங்க பாக்கணும், எல்லாரும் வில்லங்கச் சான்றிதழ், எல்லாரும் பழைய பத்திரம், தன் நிலத்துக்கு இல்ல, பக்கத்து வீட்டு நிலத்துக்கு. இருங்க, ஒருத்தரு வருமானச் சான்றிதழ் பிரிண்டுக்கு நிக்கிறாரு, குடுத்துட்டு வந்துர்றேன்.

வந்துட்டேன். கோயிலுக்கும் வெறுங்கால், பள்ளிவாசலுக்கும் வெறுங்கால், அடுத்த வீட்டுக்குப் போனாலும் வெறுங்கால்னு இருக்குற ஊர்ல குதிகாலை எங்க போயி மறைக்கிறது? கொளுத்துற வெயில்ல ஊரே சாக்ஸ் போட ஆரம்பிச்சுச்சு, மரைக்காயரு கடையில செருப்பை ஒதுக்கிட்டு சாக்ஸை முன்னால தொங்க விட்டாரு. "நீங்க முன்னால போங்க"ன்னு யாராச்சும் மரியாதையா வழி விட்டா, பின்னாலேர்ந்து குதிகாலைப் பாக்கத்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயி, வாசப்படியில ரெண்டு பேரு நீங்க போங்க, இல்ல நீங்க போங்கன்னு கால் மணி நேரம் நின்னாங்க. சில வீட்டுல வாசல்ல அரிசி மாவைத் தூவி வச்சாங்க, விருந்தாளி மிதிச்சுட்டு உள்ள வந்தா தடத்துல வருஷம் பதியும், திரும்பித்தான் பதியும், அதனால எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் எண்ணைக் கண்ணாடியில படிக்கிற மாதிரி திருப்பிப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. வருஷம் இல்லாதவங்க நிம்மதியா இருந்தாங்களான்னா அதுவும் இல்ல. ஒண்ணுமே இல்லாம இருக்குமா, சொரண்டிருப்பான்னு பேசுனாங்க.

இதெல்லாம் வேடிக்கை. அக்கா கதை வேடிக்கை இல்ல.

அக்காவுக்கு ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம். மாப்பிள்ளை ரெமி அத்தான், பாரிஸ் பக்கம் ரயில் டெப்போல வேலை, ரெண்டு மாச லீவுல வந்திருந்தாரு. அக்காவுக்கு முப்பது வயசு, முப்பது வரைக்கும் ஏன் கட்டிக் குடுக்கலன்னு ஏற்கெனவே கேட்ட ஊரு, ஆனா அவரு அதக் கேக்கல, அதுக்காகவே அக்காவுக்கு அவரைப் பிடிச்சுச்சு. லேபுலேர்ந்து வந்ததும் போனைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயி ஏதோ பேசிச் சிரிக்கும், அப்படி அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

அக்கா குதிகால்ல இருந்தது நம்ம எண்ணு இல்ல, சுழிச்சு சுழிச்சு வேற எழுத்து, २०१०. ஹிந்தி டியூஷன் எடுக்குற ஒரு டீச்சரு அத நின்னு நிதானமா படிச்சு, இரண்டாயிரத்துப் பத்துன்னு சொன்னாங்க.

நெனச்சுப் பாருங்க. மத்த பத்தொம்பது பேருக்கும் தாத்தா காலத்துத் தப்பு, செத்தவங்க மேல போட்டுட்டுப் போயிடலாம். எங்க அக்காவுக்கு மட்டும் அதுவே செஞ்ச தப்பு. 2010-ல அதுக்குப் பதினாறு வயசு, திருச்சியில ஹாஸ்டல்ல படிச்சுச்சு. ஹாஸ்டல்ங்கிற வார்த்தை ஒண்ணு போதாதா? நானே ஒரு நாள் மெதுவா கேட்டேன், வெக்கமாத்தான் இருக்கு, ஆனா கேட்டேன்.

"பிளஸ் ஒன்ல கணக்குல ஃபெயிலு. அதுக்கெல்லாம் கால்ல முத்திரை குத்துவாங்களாடி?"ன்னுச்சு அக்கா.

அப்பதான் எனக்கு உறைச்சுச்சு, கைய நறுக்குன்னு கிள்ளிக்கிட்டேன், காசு பைத்தியம்னு பேரு வாங்கிட்டு இத யோசிக்கலையேன்னு. அது நேபாள பைசா! நேபாளத்துல அவங்க காலண்டர் வேற, நம்ம கணக்கை விட ஐம்பத்தேழு வருஷம் முன்னால ஓடும், அங்க 2010-னா இங்க 1953. நானே ஐம்பத்தேழைக் கழிச்சுப் பாத்துத்தான் அத 1953 குழியில வச்சேன், நோட்டுல எழுதியும் இருக்கு, அக்கா காலுக்கு டிக் அடிச்சப்ப ஆளு கணக்கைத்தான் பாத்தேன், எண்ணைப் பாக்கல. நான் நோட்டைத் தூக்கிக்கிட்டு தெருவெல்லாம் ஓடுனேன், ரெமி அத்தானோட அம்மா பெர்னதெத் அத்தை வீட்டுக்கும் போயி மூச்சு வாங்க விளக்குனேன். அவங்க பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"சரிம்மா. நேபாளத்துக் காசு உங்க வீட்டுக்கு யாரு குடுத்தது?"

கூர்க்கா தில் பகதூர் குடுத்தாரு. அவரு பொண்ணுக்கு ஸ்கூல் அப்ளிகேஷனை ஆன்லைன்ல நான் போட்டுக் குடுத்தேன், ஊருக்குப் போயிட்டு வந்தப்ப எனக்குன்னு எடுத்துட்டு வந்தாரு. இதத்தான் சொன்னேன், அப்படியே சொன்னேன், உண்மைய. மறுநாள் காலையில தெரு பூரா, கூர்க்காவா, அந்த ஆளு விசில் ஊதுனா அவங்க வீட்டு மாடியில லைட்டு ஏன் எரியுதுன்னு பேச்சு. பாவம் தில் பகதூர் எங்க தெருவுக்கு வர்றதையே நிறுத்திட்டாரு. உண்மையைச் சொல்லி நான் எங்க அக்காவை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுனேன். பெர்னதெத் அத்தை கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அம்மா மெழுகுவத்தித் தண்டைப் பாக்குறப்பெல்லாம் அழுதாங்க. அக்கா மாடிக்குப் போறத நிறுத்திடுச்சு.

அந்த வாரக் கடைசியில ரெமி அத்தான் எங்க வீட்டுக்கு வந்தாரு. வாசல்ல சாக்ஸைக் கழட்டிட்டு, அம்மா முன்னாடி, அக்கா முன்னாடி, எட்டிப் பாத்துக்கிட்டிருந்த பக்கத்து வீடு முன்னாடி, எனக்கும் இருக்குன்னு குதிகாலைத் திருப்பிக் காட்டுனாரு. 1957.

சத்தியமாச் சொல்றேன், என் மனசு மொதல்ல ஒரு குதி குதிச்சுச்சு. நாலு வருஷமா நான் தேடுன வருஷம்! அம்மா சிலுவை போட்டுக்கிட்டாங்க. அக்கா மூஞ்சியில ரொம்ப நாளைக்கு அப்புறம் ஏதோ எளகுச்சு. செய்தி தெருவுக்குப் போச்சு, ஊரு 1957-ஐத் தோண்டிப் பாத்துச்சு, அந்த வருஷம் ரெமி அத்தானோட தாத்தா மாதா கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்திருக்காரு, வேற ஒண்ணும் இல்ல. தப்புன்னு சொன்ன அதே ஊரு, சில வருஷம் புண்ணியத்துக்கும் வரும்னு பேச ஆரம்பிச்சுச்சு. பெர்னதெத் அத்தை மகனோட காலைப் பத்தி கோயில் வாசல்ல நின்னு பேசுனாங்க, மணி வாங்குன குடும்பத்துக்கு இந்தப் பொண்ணா, ஆனாலும் எம்மகன் நல்ல மனசுக்காரன்னு.

நான் வீட்டுக்குப் போயி நோட்டை எடுத்தேன். இருபது டிக். இருபத்தியோராவது காலு எங்கேர்ந்து வந்துச்சு? என் ஆல்பத்துல 1957 எப்பவுமே இருந்ததில்ல. இல்லாத காசுலேர்ந்து வருஷம் எப்படிக் கரையும்?

ரெண்டு நாள் சொல்லாம வச்சிருந்தேன். சொன்னா அக்கா அழும், சொல்லலன்னா அக்கா கட்டிக்கும். போலிக் காசைக் கையில வச்சுக்கிட்டு, நல்லதா இருக்கக் கூடாதான்னு மறுபடி மறுபடி லென்ஸ் வச்சுப் பாப்போம்ல, அப்படி இருந்துச்சு. மூணாம் நாள் ஆல்பத்தை அக்கா முன்னால திறந்து வச்சு, காலியா இருந்த குழிய வெரலால காட்டுனேன். அக்கா கோவப்படல, நீ பொறாமையில பேசுறன்னு சொல்லல. எந்திரிச்சு, முடிய முடிஞ்சுக்கிட்டு, நேரா மாதா கோயில் பங்குச்சாமியாரைப் பாக்கப் போயிடுச்சு.

பெரிய வியாழன் பூசையில சாமியாரு பன்னெண்டு பேரை உக்கார வச்சுப் பாதம் கழுவுவாரு, தெரியும்ல, ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவுன மாதிரி. எல்லா வருஷமும் எம்பேரை ஏன் சேக்கலன்னு சண்டை வரும். இந்த வருஷம் மூணு ஞாயிறு அறிவிப்பு குடுத்தும் நாலு பேருதான், அதுல ரெண்டு பேரு சாக்ஸோட கழுவ முடியுமான்னு கேட்டாங்க. அந்த லிஸ்டுலதான் அக்கா ரெண்டு பேரு குடுத்துட்டு வந்துச்சு. ஒண்ணு ஜெசிந்தா. இன்னொண்ணு ரெமி.

"என் காலை ஊரே பாத்தாச்சு. அவரு காலைச் சாமி பாக்கட்டும்"னு மட்டும் என்கிட்ட சொல்லுச்சு.

பெர்னதெத் அத்தைக்கு இது பெருமையாப் போச்சு. மணி வாங்குன குடும்பத்துக் காலு பீடத்துக்கு முன்னால கழுவப்படப் போகுதுன்னு சொந்தத்தையெல்லாம் கூட்டிட்டு வந்து மொத பெஞ்சுல உக்காந்தாங்க. ரெமி அத்தானால இல்லன்னு சொல்ல முடியல. எப்படியோ பன்னெண்டு தேத்தி, அக்காவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, கோயில் நிறைஞ்சு வழியுது, சாயங்காலக் கூட்டத்துல பாதிப் பேரு பூசைக்கு வரல, காலைப் பாக்க வந்தாங்க.

சாமியாரு அக்கா முன்னால முட்டி போட்டு, வெதுவெதுன்னு இருந்த தண்ணிய ஊத்துனாரு. २०१० ஈரத்துல இன்னும் பளிச்சுன்னு எழும்பி நின்னுச்சு, பின்னால உச்சுக் கொட்டுற சத்தம் வரிசை வரிசையாப் போச்சு. அக்கா காலை இழுத்துக்கல. அப்புறம் ரெமி அத்தான் முன்னால முட்டி போட்டாரு. ஊத்துனாரு. துண்டால மெதுவா ஒத்துனாரு. ஐம்பத்தேழுல ஏழு மொதல்ல விட்டுச்சு, அப்புறம் மொத்த எண்ணும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருண்டு வந்து பேசின் தண்ணியில மெதந்துச்சு. எம்-சீல். பைப்பு ஒழுகுனா அடைப்போம்ல, அதேதான். வீட்டுல இருந்த ஒரு நயா பைசாவை மெழுகுல அமுக்கி அச்செடுத்து ஒட்டியிருக்காரு. கீழ குதிகாலு சுத்தமா, ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. சாமியாரு அத துண்டால ஓரமா தள்ளித் தள்ளிப் பாக்குறாரு, அது சுத்திச் சுத்தி நடுவுக்கே வருது.

ரெமி அத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அக்காவுக்கு மட்டும் கேக்குற மாதிரித்தான் சொன்னாரு, ஆனா நான் ரெண்டாவது பெஞ்சுல இருந்தேன், எனக்கும் கேட்டுச்சு.

"நீ தனியா நிக்கக் கூடாதுன்னுதான் பண்ணேன் ஜெசி. உனக்குத் துணைக்கு."

அக்கா அவரைத் திரும்பிப் பாத்துச்சு. சத்தமாப் பேசல, பேசவே வேணாம், கோயில் அவ்ளோ அமைதி.

"துணைக்குன்னா நீங்களும் 2010-தானே போட்டிருக்கணும்?"

அவ்ளோதான். எந்திரிச்சு, துண்டைக் கூட வாங்கிக்காம, ஈரக் காலோட நடுப் பாதையில நடந்து வெளிய போச்சு. சிமெண்டுத் தரையில தடம் தடமா அந்த நாலு சுழி பதிஞ்சுக்கிட்டே போச்சு, ரெண்டு பக்கமும் உக்காந்திருந்தவங்க அத மிதிக்காம காலை உள்ள இழுத்துக்கிட்டாங்க. வாசல்கிட்ட நின்ன சிகப்பியம்மா குனிஞ்சு தன்னோட சாக்ஸைக் கழட்டி பூக்கூடையில போட்டுக்கிட்டு அக்கா கூடவே நடந்து போனாங்க.

இது நடந்து நாலு மாசம் ஆச்சு. ஊரு திருந்திடுச்சுன்னு சொன்னா பொய். இப்ப யாரு வருஷம் அசல், யாருது எம்-சீல்னு சந்தேகம், மரைக்காயரு கால் ஊற வைக்கிற பேசின் விக்கிறாரு. தில் பகதூர் திரும்ப வர்றாரு, அக்கா வாசல்ல நின்னு எல்லாரும் பாக்க அவரு பொண்ணு படிப்பை விசாரிக்குது. ரெமி அத்தான் பாரிஸ்லேர்ந்து தினம் மெசேஜ் போடுறாரு. பயத்துல பண்ணாரா, கணக்குப் போட்டுப் பண்ணாரா? ஒரு காசு அசலா போலியான்னு நான் விளிம்பைத் தடவியே சொல்லிடுவேன், இது எனக்குத் தெரியல. அக்காவும் தெரியலன்னுதான் சொல்லுது. நிச்சய மோதிரத்தை அவங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பாம என் ஆல்பத்துல 1957 குழியில வச்சிருக்கு, அளவு சரியா இருக்கு, எடுக்காதடின்னு சொல்லியிருக்கு. மத்த இருபது குழியிலயும் வருஷம் இல்லாத இருபது காசு.

கடையில மறுபடி ஆளு வந்துட்டாங்க, அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு முடிச்சுர்றேன். இதப் படிக்கிறவங்க வீட்டுலயும் யாராச்சும் பழைய காசைப் புளி போட்டுத் தேச்சிருக்காங்களா? தேச்சதுக்கு அப்புறம் வருஷம் இருக்கான்னு பாத்தீங்களா? முக்கியமா 1957 வச்சிருக்கவங்க, ஒரு தடவை போயி எடுத்துப் பாருங்களேன், எங்கயாச்சும் ஒரு காசுலேர்ந்து அந்த வருஷம் நிஜமாவே காணாமப் போயிருக்கா? உங்களுக்கு நடந்துச்சா?